எத்தனை மாதம் பழகினால் போதும்?

மகளிர் தினக் கூட்டங்களில் ஒரு புலி தவறாமல் வந்துவிடுகிறது. முறத்தால் புலியை விரட்டிய தமிழ்ப்பெண்ணின் பெருமையைப் பேச்சாளர் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் கைதட்டிவிடும். அடுத்த பத்து நிமிடத்தில், ஒவ்வொரு பெண்ணும் தற்காப்புக் கலை கற்க வேண்டும் என்ற அறிவுரை வரும். இவை இரண்டும் ஒரே பேச்சில் இடம்பெறுவது தற்செயல் அல்ல. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்களுக்குத் தரப்படும் தற்காப்புப் பயிற்சி பெரும்பாலும் அந்தப் புலியை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது.

அந்தப் புலியிடம் மூன்று வசதிகள் உண்டு. முதலாவது, அது காட்டிலிருந்து வருகிறது. வீட்டில் எவருக்கும் அது உறவில்லை. இரண்டாவது, பார்த்த மாத்திரத்தில் அது புலி என்று தெரிந்துவிடுகிறது. ஒருவேளை நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ என்று அவள் தயங்க வேண்டியதில்லை. மூன்றாவது, அதை அடித்து விரட்டியவளை ஊர் கொண்டாடுகிறது. ‘அந்த நேரத்தில் வாசலில் உனக்கென்ன வேலை?’ என்று எவரும் கேட்பதில்லை. புலியின் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்தைக் கூட்டுவதுமில்லை.

பெண்கள் உண்மையில் எதிர்கொள்ளும் வன்முறையில் இந்த மூன்று வசதிகளும் கிடையாது. அப்படியானால், தற்காப்புக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்ற கேள்வியை எப்படிக் கேட்பது? சில தமிழ்ப் பிரதிகளையும் சில ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்து இதை யோசிக்க விரும்புகிறேன்.

1

கேள்வி என்னுடையதல்ல. கல்லூரியில் மூன்று நாள் தற்காப்பு முகாம் முடிந்த மாலையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்து கேட்டாள்: “மேம், எத்தனை மாசம் கத்துக்கிட்டா போதும்?” எதற்குப் போதும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவள், “தெரியாதவன்னா கத்தி ஊரைக் கூட்டிடுவேன் மேம். தெரிஞ்சவங்களா இருந்தா?” என்றாள். அதன்பின் நாங்கள் பேசியது அவளுடையது. அதை இங்கே எழுதப்போவதில்லை. கேள்வியின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் எழுத வேண்டும்.

முதல் பாதிக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. சண்டைக் கலை என்பது ஆண்டுக்கணக்கு. கராத்தேயில் ஒழுங்காகப் பழகுகிற ஒருவர் கறுப்புப் பட்டைக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். முப்பதுகளில் நான் ஓராண்டு சிலம்பம் பழகினேன். முதல் சில மாதங்கள் காலடியிலேயே போயின; கம்பு கையில் அடங்கவே நாளாயிற்று. அந்த ஓராண்டு எனக்கு நிறையக் கொடுத்தது: நிற்கும் விதம், மூச்சு, தோளைக் குறுக்காமல் நடப்பது, தொண்டையிலிருந்து அல்லாமல் அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ஆனால் பேருந்துக்கு எவரும் கம்பை எடுத்துக்கொண்டு போவதில்லை. களத்தில் எதிரே நிற்பவர் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வீசுகிறார். போட்டியென்றால் எடைப் பிரிவு உண்டு, நடுவர் உண்டு, ‘நிறுத்து’ என்றால் நிறுத்துவார்கள்.

பயிற்சியின் அளவைவிடப் பயிற்சியின் வகை முக்கியம். மணிக்கட்டைப் பிடித்தால் இப்படித் திருப்பு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் இப்படி முழங்கையால் இடி என்று முகாம்களில் சொல்லித்தருகிறார்கள். பிடிப்பவள் பக்கத்து இருக்கைத் தோழி. சிரித்துக்கொண்டே பிடிப்பாள், திருப்பியதும் விட்டுவிடுவாள். விடாமல் பிடிக்கிற, தன்னைவிடக் கனத்த ஓர் உடலோடு மல்லுக்கட்டிப் பார்க்காதவரை அந்தப் பிடி கையில் சேர்வதில்லை. எதிர்த்துத் தள்ளும் கூட்டாளியோடு பழகும் ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவற்றில் சில மாதங்களிலேயே உடலுக்கு ஒன்று புரிகிறது: அடிபட்டால் உடைந்துபோக மாட்டோம், அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். காற்றில் குத்தி, வரிசையாக நின்று, விழாவில் ஓடு உடைத்துக் காட்டும் மூன்று மாதம் அதைத் தராது.

நடுவணரசு பள்ளிகளுக்கு வைத்திருக்கும் திட்டத்தின் அளவும் மூன்று மாதம்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளுக்கான அதன் பெயர் ‘ராணி லட்சுமிபாய் ஆத்ம ரக்‌ஷா பிரசிக்‌ஷண்’. பெயரைக் கவனியுங்கள். குதிரையும் வாளும் கொண்டு வெளியிலிருந்து வந்த படையை எதிர்த்த அரசி. மேடையின் புலி இங்கே வெள்ளைக்காரப் படையாகியிருக்கிறது. ஆபத்து இப்போதும் கோட்டைக்கு வெளியேதான் நிற்கிறது.

2

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கின்றன. பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர், திருமணம் செய்வதாகச் சொன்னவர். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 29.3 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காட்டினரும் கணவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார்கள். அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடு.

இந்த எண்களோடு முகாமின் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருட்டுச் சந்தில் பின்னால் வருபவனுக்கு ஐந்து பிடிகள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோடும் சித்தப்பாவுக்கு ஒரு பிடியும் இல்லை. சித்தப்பாவின் முழங்கையைத் திருப்ப முடியாததற்குக் காரணம் அவளது கைவலிமைக் குறைவா? ‘பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே’, ‘சத்தமாகச் சிரிக்காதே’, ‘விருந்தாளிக்கு முகம் சுளிக்காதே’ என்று பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் அவளுக்கு நடந்த பயிற்சி ஒன்று இருக்கிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அதற்கு இலக்கணமும் உண்டு. பதினெட்டு ஆண்டுப் பயிற்சிக்கு எதிராக மூன்று மாதத்தை நிறுத்துகிறோம். அந்த மூன்று மாதத்திலும் பழைய பயிற்சியைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை.

3

தமிழில் தற்காப்பைப் பற்றிய பிரதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை அப்படி வாசிக்கும் வழக்கம் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியைத் தேர்வுக்காக ‘பௌத்த காப்பியம், ஆசிரியர் நாதகுத்தனார், கிடைத்த பாடல்கள் பத்தொன்பது’ என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறோம். கதை அந்தப் பத்தொன்பது பாடல்களால் நமக்குக் கிடைக்கவில்லை. அதை மறுத்து எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை வழியாகவும், பாலி மொழியின் தம்மபத உரை வழியாகவும் கிடைக்கிறது.

பத்திரை என்பவள் செல்வக் குடும்பத்துப் பெண். திருட்டுக் குற்றத்துக்காகக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் காளனை மாடத்திலிருந்து பார்த்துக் காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணமுடித்துவைக்கிறார். ஒருநாள் ஊடலின்போது, நீ கள்வன்தானே என்ற பொருளில் அவள் ஏதோ சொல்லிவிடுகிறாள். அவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, அன்பாகப் பேசி அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே கொல்லப்போவதாகச் சொல்கிறான். சாவதற்கு முன் உங்களை வலம்வந்து வணங்க வேண்டும் என்கிறாள் அவள். அவன் இசைகிறான். வலம்வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

பாலிக் கதையில் அவன் அவளைக் கொல்ல நினைப்பது நகைகளுக்காக. நீலகேசி உரைவழிக் கதையில் ஒரு சொல்லுக்காக. இந்த வேறுபாட்டைத் தமிழாய்வு ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கு இதுதான் கதையின் மையமாகப் படுகிறது. நகைக்காகக் கொல்பவன் திருடன். படுக்கையறையில் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் தன் ஆண்மையைக் குத்திவிட்டது என்பதற்காகக் கொல்பவன் கணவன். தமிழ்க்கதை கொள்ளைக் கதையிலிருந்து குடும்ப வன்முறைக் கதையாகிறது.

இப்போது அவளது தற்காப்பைப் பாருங்கள். அவளுக்கு எந்தக் கலையும் தெரியாது. அவன் கொலைக்குப் பழகியவன். நேருக்கு நேர் நின்றால் ஒரு நொடிகூட ஆகாது. அவள் செய்தவை மூன்று. அன்பாக அழைத்துவந்தவன் தன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நம்பினாள். ‘இவர் அப்படிச் செய்ய மாட்டார்’ என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. மனைவி கணவனை வணங்குவாள் என்ற அவனது நம்பிக்கையை, தன்மேல் திணிக்கப்பட்ட பதிவிரதைப் பயிற்சியை, கைப்பொருளாக்கினாள். பிறகு தயங்காமல் தள்ளினாள். முறம் ஏந்திய பெண்ணுக்குக் கையில் இருந்ததே ஆயுதமானதுபோல, இவளுக்குப் பணிவு ஆயுதமானது. ஆனால் இவளுடைய புலி தாலி கட்டியது.

கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில், எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கி, மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’ இந்தக் கதையை எடுத்தாண்டது. மலைமேல் மனைவியை அழைத்துப்போகும் அந்தப் பாடலைக் கேட்டிராத தமிழர் குறைவு. படத்தில் வாள்வீச்சுக்குப் பஞ்சமில்லை. தளபதியாக எம்.ஜி.ஆர். சுழன்று சுழன்று சண்டையிடுகிறார். ஆனால் ராஜகுருவின் மகன் பார்த்திபனை முடிப்பது தளபதியின் வாள் அல்ல. அவனை வலம்வரும் அமுதவல்லியின் கைகள். பயிற்சிபெற்ற ஆணுடல் இருக்கும் படத்திலேயே பயிற்சியற்ற பெண்ணின் மூன்று சுற்றுகள் வில்லனை வீழ்த்துகின்றன. நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து நிலைமை மாறுகிறது. 1990-இல் தெலுங்கில் ‘கர்த்தவ்யம்’ என்று வந்து, ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ என்று தமிழ் பேசிய படத்தில் விஜயசாந்தி ஆண்களைப்போலவே அடித்து நொறுக்கினார். தியேட்டரில் பெண்கள் விசிலடித்த படம் அது. 1992-இல் ‘மன்னன்’ படத்தில் அதே விஜயசாந்தி, ஆணவம் பிடித்த தொழிலதிபர். ரஜினிகாந்திடம் அடங்கி, கடைசியில் நிர்வாகத்தை விட்டுவிட்டு இல்லத்தரசியாகிறார். வெளியாட்களை அடிக்கும் பெண்ணுக்கு விசில். வீட்டுக்குள் பணியாத பெண்ணுக்கு அறை. கதாநாயகி முதல் காட்சியில் நான்கு ரவுடிகளை உதைப்பதும், இடைவேளைக்குப் பின் கதாநாயகன் வந்து காப்பாற்றுவதும் பிறகு தமிழ் சினிமாவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நம் முகாம்களின் பாடத்திட்டமும் முதல் காட்சியோடு நின்றுவிடுகிறது.

4

பத்திரை செய்த மூன்றையும் பாடமாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் ஆய்வாளர்களுக்குப் பத்திரையைத் தெரிந்திருக்காது. கனடாவின் சார்லீன் சென் என்ற பெண்ணிய உளவியலாளரும் அவரது குழுவினரும் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் நடத்தி, 2015-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பாதிப் பேருக்கு வழக்கம்போல் துண்டறிக்கைகள். மறுபாதிக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். மொத்தம் 12 மணி நேரம்.

அந்த நான்கு அமர்வுகளில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். முதலாவதில், தெரிந்த ஆண்களிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண்பது. இரண்டாவதில், தெரிந்தவர் என்பதால் மனத்தில் எழும் தடைகளைக் கடப்பது: அவர் வருத்தப்படுவாரோ, நான் மிகைப்படுத்துகிறேனோ, உறவு முறிந்துவிடுமோ. மூன்றாவதில்தான் குரலாலும் உடலாலும் எதிர்ப்பது. நான்காவதில், தனக்கு என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று தன் பாலியல் விருப்பங்களைப் பற்றித் தானே யோசித்துப் பேசப் பழகுவது. ஓராண்டு முடிவில் துண்டறிக்கை பெற்றவர்களில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களில் 5.2 விழுக்காடு. வல்லுறவு முயற்சிக்கு ஆளானவர்கள் 9.3, 3.4.

ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அடியும் உதையும் அதில் ஒரு பங்கு மட்டுமே. ‘எத்தனை மாதம்’ என்பதற்கு என்னிடம் உள்ள நம்பத்தகுந்த எண் இதுதான்: 12 மணி நேரம், ஆனால் சரியான 12 மணி நேரம். கனடாவின் வளாகத்தில் கிடைத்த பலன் நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தில் அப்படியே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி எதை நோக்கி இருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

அதே எண்ணைத் திருப்பியும் படிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களிலும் 5.2 விழுக்காட்டினர் வல்லுறவுக்கு ஆளானார்கள். அவர்கள் பாடத்தைச் சரியாகக் கவனிக்காதவர்கள் அல்லர். ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கான அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர், தாக்குதலின்போது உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். கைகால் அசையவில்லை, குரல் எழவில்லை. இது கோழைத்தனமும் அல்ல, சம்மதமும் அல்ல; பேரச்சத்தில் உடல் தானாகச் செய்வது. பதக்கங்கள் வாங்கிய வீராங்கனையின் உடலும் இப்படி உறையலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தற்காப்புப் பேச்சு ஒரே நொடியில் குற்றச்சாட்டாக மாறக்கூடியது. “கராத்தே எல்லாம் கத்துக்கிட்டியே, ஏன் அடிக்கல?” என்ற கேள்வி எந்தக் குடும்பத்திலும் எழும். நீதிமன்றத்திலேயே எழுந்திருக்கிறது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள் இரண்டு காவலர்கள் சீரழித்தார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பில்லை, ஆகவே சம்மதம் என்பது அந்தத் தீர்ப்பின் தருக்கம். உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் ஆகிய நால்வரும் 1979-இல் எழுதிய திறந்த மடலும், அதைத் தொடர்ந்த பெண்கள் போராட்டமும் 1983-இன் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல 2013 வரை ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற அந்த ஒரு வரியை ‘நீ ஏன் அடிக்கவில்லை’ என்ற கேள்வியால் நாமே அழித்துவிடக் கூடாது.

எதிர்ப்பது ஆகாது என்பதல்ல இதன் பொருள். அடித்து, கத்தி, ஓடித் தப்பிக்க முயன்றவர்கள், கெஞ்சியவர்களைவிட அதிகம் தப்பினார்கள் என்பதே அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளின் போக்கு. எதிர்க்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. எதிர்க்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. இந்த வேறுபாடு எந்த முகாமின் முதல் அமர்விலும் சொல்லப்பட வேண்டும்.

உரிமையின் அளவையும் சொல்ல வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் தரும் தாக்குதல், வல்லுறவு நோக்கத்துடனான தாக்குதல், அமில வீச்சு ஆகியவற்றின்போது தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீள்கிறது என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வது வல்லுறவாகாது. பத்திரைக்கு மலையுச்சியில் உரிமை உண்டு. அதற்கு முந்தைய இரவுகளில் இல்லை.

5

புலியின் மூன்றாவது வசதிக்கு வருகிறேன். அடித்து விரட்டியபின் ஊர் என்ன செய்கிறது?

பாமாவின் ‘சங்கதி’ (1994) இதற்குப் பதில் சொல்லும் நூல். அதில் மாரியம்மா என்ற தலித் பெண் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிலவுடைமைச் சாதி ஆண் ஒருவன் அவளைப் பிடித்து இழுக்கிறான். அவள் திமிறித் தப்பி ஓடிவருகிறாள். முகாம் மொழியில் சொன்னால் அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். ஆனால் அவன் முந்திக்கொண்டு, அவளையும் இன்னொரு இளைஞனையும் இணைத்து ஊர்ப் பெரியவர்களிடம் பழி சொல்கிறான். பஞ்சாயத்து மாரியம்மாவுக்கே தண்டம் விதிக்கிறது. நடந்தது தெரிந்த பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மேல்சாதியின் கோபம் தெரு முழுவதன் மேலும் விழும்.

அவளுக்கு எத்தனை மாதப் பயிற்சி போதும்? அவளது கை நன்றாகத்தான் வேலை செய்தது. அவளது சொல்லை நம்ப ஊரில் ஆளில்லை. ஆதிக்கச் சாதி ஆணை அடித்துவிட்டு வீடு திரும்பும் தலித் பெண்ணுக்கும், ரவுடியை அறைந்துவிட்டுக் காரில் ஏறும் கதாநாயகிக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது. தற்காப்புப் பயிற்சி சாதியைப் பற்றிப் பேசாவிட்டால், தப்பிப்பதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, தப்பியபின் அவளைத் தனியே விட்டுவிடும்.

அதே நூலில் ராக்கம்மா இருக்கிறாள். தெருவில் போட்டு அடிக்கும் கணவனை வாய்க்கு வந்தபடி வசைபாடி, கடைசியில் கூட்டத்தின் முன் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் விலகிப் போய்விடுகிறான். அப்படிச் செய்யாவிட்டால் அடித்தே கொன்றிருப்பான் என்பது அவள் நியாயம். வகுப்பில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது சில மாணவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நாகரிகமானவள் என்று பெயர் வாங்குவதைவிட உயிரோடு இருப்பது முக்கியம் என்று முடிவெடுத்தவள் அவள். பத்திரை பணிவைப் பயன்படுத்தினாள், ராக்கம்மா நாணத்தைத் தூக்கி எறிந்தாள். ‘நல்ல பெண்’ என்ற கட்டளைக்குள் இருந்துகொண்டு இருவராலும் தப்பித்திருக்க முடியாது.

6

மாணவிகள் சிலம்பமும் கராத்தேயும் கற்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடகரையில் எழுபது வயதைக் கடந்தும் களரி கற்பித்து, 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சி அம்மாவின் படத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். தன் உடல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவும், பாயவும், விழுந்து எழவும் கூடியது என்று ஒரு பெண் அறிவது பெரிய விடுதலை. அதற்கு ஆண்டுகள் கொடுக்கலாம், மகிழ்ச்சிக்காகக் கொடுக்கலாம். பெண்கள் விளையாட ஒரு மைதானமும் மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே இருக்கும் உரிமையும் அதற்கு வேண்டும். ஆனால் அதை உயிர்க்காப்பீடுபோல விற்கக் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் கல்லூரி நேரம் ஒதுக்குமானால், 12 மணி நேரத்தை இப்படிக் கேட்போம். முதல் மூன்று மணி நேரம் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். உறவுமுறைச் சொற்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்ல எது தடுக்கிறது என்று பேசுவோம். அடுத்த மூன்று மணி நேரம் குரலுக்கு: ‘கையை எடுங்க’ என்று மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு இல்லாமல் சொல்லிப் பழகுவது. என் அனுபவத்தில் மாணவிகளுக்குக் குத்துவதைவிட இது கடினம். பலருக்கு முதல்முறை சிரிப்பு வந்துவிடுகிறது, சிலருக்கு அழுகை. அடுத்து, விடாமல் பிடிக்கும் உடலோடு எளிய நான்கைந்து அடிகள், விடுபடல், ஓட்டம். கடைசி மூன்று மணி நேரம் தப்பியபின் என்ன என்பதற்கு: 181 என்ற எண், உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர்கள் யார், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ன தருகிறது, தோழி வந்து சொன்னால் நாம் முதலில் என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்கவே கூடாது. ஆண் மாணவர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். அதன் நேரத்தைப் பெண்களின் கணக்கில் கழிக்கக் கூடாது.

குண்டலகேசியின் கதை மலையுச்சியில் முடிவதில்லை. கணவனைத் தள்ளியபின் பத்திரை வீடு திரும்பவில்லை. துறவு பூண்டு, ஊர் ஊராகச் சென்று, நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வருவோர் வரலாம் என்று அறைகூவுகிறாள். கற்றவர்களை எதிர்கொண்டு வெல்கிறாள். வாதில் தோற்ற இடத்தில் பௌத்தம் ஏற்கிறாள். தள்ளுவதற்கு அவளுக்குப் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. பேசுவதற்குத்தான் அவள் ஆண்டுக்கணக்கில் பழகினாள்.